மைல்களா, ஹோட்டல் புள்ளிகளா, பணமா: எதைச் சேர்ப்பது, எப்போது செலவிடுவது

பயணத்துக்காகச் செலவிடும் தொகை இன்று ஏதோ ஒரு கணக்கில் மைலாகவோ புள்ளியாகவோ பதிவாகிக்கொண்டே இருக்கிறது. விமானச் சீட்டு எடுத்தால் மைல், அறை எடுத்தால் ஹோட்டல் புள்ளி, கிரெடிட் கார்டில் செலுத்தினால் வங்கியின் ரிவார்டு புள்ளி என்று மூன்று பக்கமும் சேருகிறது. புள்ளியே வேண்டாம், பணமாகவே திருப்பித் தாருங்கள் என்று கேட்கும் கேஷ்பேக் நான்காவது வழி. இந்த நான்கில் எதன் பக்கம் நம் செலவைத் திருப்புவது என்பதைத் தீர்மானிக்காமலேயே பலர் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஐந்தாறு கணக்குகளில், எதற்கும் போதாத சிறு இருப்புகள் கிடந்து காலாவதியாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே போகிறோம், எத்தனை பேர், தேதியை எவ்வளவு தூரம் தள்ளிப்போட முடியும் என்ற மூன்றும் தெரிந்த பிறகே ஒரு விமான நிறுவனத்தின் மைலையோ ஒரு ஹோட்டல் குழுமத்தின் புள்ளியையோ குறிவைத்துச் சேர்க்க வேண்டும். அவை தெரியாத வரை, பல இடங்களுக்கு மாற்றத்தக்க வங்கிப் புள்ளியாகவோ வெறும் பணமாகவோ வைத்திருப்பதே பாதுகாப்பு. சேர்த்ததை ஓரிரு ஆண்டுகளுக்குள் செலவழித்துவிட வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த இருப்பின் மதிப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் வரலாற்றோடு பார்ப்பது பயனுள்ளது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஅட்வாண்டேஜ் மைல் திட்டத்தை 1981 மே மாதம் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் அதைப் பின்தொடர்ந்தது. ஹோட்டல்களில் ஹாலிடே இன், மேரியட் ஆகிய இரண்டும் 1983-ல் தங்கள் திட்டங்களைக் கொண்டுவந்தன. அன்று பறந்த தூரமே கணக்கில் ஏறியது. பிறகு அந்த அடிப்படையே மாறியது. டெல்டா 2015 ஜனவரியிலும், யுனைடெட் அதே ஆண்டு மார்ச்சிலும், அமெரிக்கன் 2016 ஆகஸ்டிலும், ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் நிறுவனங்களின் ஃபிளையிங் புளூ 2018-லும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023 அக்டோபரிலும் தூரத்தை விட்டுவிட்டு, செலுத்திய கட்டணத்தின் அடிப்படையில் மைல் கொடுக்கத் தொடங்கின. மேற்சொன்ன மூன்று அமெரிக்க நிறுவனங்களிலும், மாற்றம் வந்தபோது, சாதாரண உறுப்பினருக்கு ஒரு டாலருக்கு 5 மைல் என்று வகுக்கப்பட்டது. வரிகள் நீங்கலாக 600 டாலருக்கு எடுத்த நெடுந்தூரச் சீட்டு முன்பு பத்தாயிரம் மைல் வரை தந்திருக்கலாம். புதிய முறையில் அது 3,000 மைல்தான். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் மலிவான சீட்டில் பறப்பவர் பறந்தே மைல் சேர்த்து இலவசச் சீட்டு எடுக்கும் காலம் இப்படித்தான் முடிந்தது. அவருக்கு மைல் சேருமானால் அது பெரும்பாலும் கார்டு வழியாகவே சேரும்.

கார்டு வழி சேரும் மைல்களை விமான நிறுவனங்கள் வங்கிகளுக்குப் பணத்துக்கு விற்கின்றன. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்ற 2020-ல் யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தையும், டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தையும் அடமானமாக வைத்துப் பல நூறு கோடி டாலர் திரட்டின. டெல்டா திரட்டியது மட்டும் 900 கோடி டாலர். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2021-ல் ஏஅட்வாண்டேஜை வைத்து 1,000 கோடி டாலர் கடன் பெற்றது. நாம் சேமிப்பு என்று நினைப்பது, வெளியிடுபவரின் பார்வையில், தேவைக்கேற்ப அச்சிட்டு விற்கக்கூடிய ஒரு சரக்கு. அதிகம் வெளியானால் ஒவ்வொரு மைலுக்கும் கிடைக்கும் இருக்கை குறையத்தான் செய்யும்.

குறைவது ஒரே நாளில் நடப்பதும் உண்டு. எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்று சொல்லும் நிலையான அட்டவணையை டெல்டா 2015-ல் நீக்கியது. ஹில்டன் 2017-லும், யுனைடெட் 2019-லும், மேரியட் 2022 மார்ச்சிலும் அதையே செய்தன. அட்டவணை போன பிறகு, பணத்தில் விலை ஏறும்போது மைலிலும் விலை ஏறுகிறது. உறுப்பினருக்குச் சட்டத்தின் துணையும் அதிகம் இல்லை. நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் ஓர் உறுப்பினரைத் திட்டத்திலிருந்து நீக்கியது தொடர்பான வழக்கில், நியாயமாக நடந்துகொள்ள வேண்டிய கடப்பாட்டை மாநிலச் சட்டத்தின் வழியாக நிறுவனத்தின் மீது சுமத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. நிறுவனமே வீழ்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: 2001-ல் ஆஸ்திரேலியாவின் ஆன்செட், 2017-ல் ஜெர்மனியின் ஏர்பெர்லின் ஆகியவை நொடித்தபோது, அவற்றில் மைல் சேர்த்திருந்தவர்களின் இருப்பும் அவற்றோடு போயிற்று. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய விமான நிறுவனங்களின் வெகுமதித் திட்டங்களைப் பற்றி விளக்கம் கேட்டதற்கும் இத்தகைய மதிப்புக் குறைப்புகளே பின்னணி.

எப்படி அளப்பது

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கணக்கு எளிமையானது. ஒரு சீட்டின் அல்லது அறையின் பண விலையிலிருந்து, மைல் கொடுத்து எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியையும் கட்டணத்தையும் கழிக்க வேண்டும். மீதியைத் தேவைப்படும் மைல்களால் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு கிடைக்கும். 600 டாலர் சீட்டுக்கு 30,000 மைலும் 90 டாலர் வரியும் கேட்டால், ஒரு மைல் 1.7 சென்ட் பெறுகிறது. அதே சீட்டுக்கு வரியும் கூடுதல் கட்டணமும் சேர்த்து 300 டாலர் கேட்டால் மதிப்பு 1 சென்ட்டாகச் சரிகிறது. மைல் எண்ணிக்கை மாறவே இல்லை. கையிலிருந்து போகும் பணம்தான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இலவசச் சீட்டு என்ற சொல்லை நம்பி இந்தக் கழித்தலைச் செய்யாமல் விடுபவர்கள் ஏராளம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. பிசினஸ் வகுப்புச் சீட்டின் விலை 4,000 டாலர், மைலில் எடுத்தால் 70,000 மைலும் 200 டாலரும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன வகுத்தலின்படி ஒரு மைல் 5.4 சென்ட் தருகிறது; இதைக் காட்டித்தான் மைல் சேர்ப்பதன் பெருமை பேசப்படுகிறது. ஆனால் அந்த இருக்கைக்கு நாம் சொந்தப் பணத்திலிருந்து 900 டாலருக்கு மேல் ஒருபோதும் கொடுக்க மாட்டோம் என்றால், நமக்குக் கிடைத்த பயன் 900-லிருந்து 200-ஐக் கழித்த 700 டாலர்தான். மைலுக்கு 1 சென்ட். இரண்டு எண்ணுமே சரியானவை. முடிவெடுக்க உதவுவது இரண்டாவது எண். நெடுந்தூர இரவுப் பயணத்தில் படுத்துத் தூங்கிப் போவதை உண்மையிலேயே பெரிதாக மதிப்பவர் தன் எண்ணை உயர்த்தி வைத்துக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. அடுத்தவர் மதிப்பைத் தன் மதிப்பாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு திட்டத்தின் புள்ளி எண்ணிக்கையை இன்னொன்றோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஹில்டனும் மேரியட்டும் தங்கள் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலருக்கு 10 அடிப்படைப் புள்ளிகள் தருகின்றன. ஹயாத் 5 தருகிறது. ஆனால் ஹயாத்தில் அறைக்குக் கேட்கும் புள்ளிகளும் பொதுவாக மிகக் குறைவு. பெரிய எண் பெரிய சேமிப்பைக் காட்டாது.

விமான மைல்கள்

விமான மைலின் உண்மையான வலிமை, அதை வழங்கிய நிறுவனத்தின் விமானத்தில் மட்டும் அடங்கியிருப்பதில்லை. விமான நிறுவனங்களின் கூட்டணிகளான ஸ்டார் அலையன்ஸ் 1997-லும், ஒன்வேர்ல்டு 1999-லும், ஸ்கைடீம் 2000-லும் உருவானபின், ஒரு நிறுவனத்தில் சேர்த்த மைலைக் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் செலவிட முடிகிறது. ஒரே விமானத்தின் ஒரே வகுப்பு இருக்கைக்கு ஒவ்வொரு கூட்டாளித் திட்டமும் வேறுவேறு எண்ணிக்கையில் மைல் கேட்கும். வேறுவேறு கட்டணமும் கேட்கும். யுனைடெட் தன் மைலில் எடுக்கும் சீட்டுகளுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணம் வசூலிப்பதில்லை. ஏர் கனடாவின் ஏரோபிளான் 2020 நவம்பரில் அந்தக் கட்டணத்தை நீக்கியது. அதோடு, ஒருவழிப் பயணத்தில் 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்து நடுவில் ஓர் ஊரில் தங்கிச் செல்லும் வசதியையும் தந்தது. மாறாக, பிரிட்டிஷ் ஏர்வேஸின் நெடுந்தூர விமானங்களில், அதன் புள்ளியான ஏவியோஸ் கொடுத்து எடுக்கும் சீட்டுக்குக் கையிலிருந்து கட்டும் தொகை நெடுங்காலமாகவே கனமானது. ஆனால் அதே ஏவியோஸ் கூட்டாளி நிறுவனங்களின் குறுந்தூர நேரடி விமானங்களுக்கு நல்ல நாணயம். விலை தூரத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், கடைசி நேரத்தில் பண விலை எகிறிய குறுகிய வழித்தடங்களில் அது கைகொடுக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே கணக்கிடப்படுவதால், இணைப்பு விமானம் சேர்ந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். ஏவியோஸ் ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டதும் அல்ல: ஐபீரியா, ஏர் லிங்கஸ், கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் ஆகியவையும் அதையே பயன்படுத்துகின்றன, கணக்குகளுக்கிடையே நகர்த்தவும் முடியும்.

பலவீனம் இருக்கைதான். மைலுக்கென்று ஒதுக்கப்படும் இருக்கைகள் சிலவே. நான்கு பேர் ஒன்றாக, விடுமுறைக் காலத்தில், குறிப்பிட்ட நாளில் போக வேண்டுமென்றால் அவை கிடைப்பது அரிது. விற்பனை திறக்கும் நாளில், அதாவது ஏறக்குறைய 11 மாதங்களுக்கு முன்பே, எடுத்துவிடுவது ஒரு வழி. இருக்கை மீந்தால் புறப்பாட்டுக்குச் சில நாட்கள் முன்பு திறந்துவிடுவார்கள் என்று காத்திருப்பது இன்னொரு வழி. முதலாவதற்குத் திட்டமிடல் வேண்டும், இரண்டாவதற்குச் சுதந்திரம் வேண்டும். இரண்டும் இல்லாதவர் இடைப்பட்ட காலத்தில் தேடித் தேடி ஏமாறுவார். கூட்டாளிக்கு எல்லா இருக்கையும் திறக்கப்படும் என்றும் நினைக்கக் கூடாது: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நெடுந்தூர பிசினஸ் வகுப்பு இருக்கைகளைப் பெரும்பாலும் தன் கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்கிறது. அந்த இருக்கைதான் இலக்கு என்றால் கிரிஸ்ஃபிளையரில்தான் சேர்க்க வேண்டும். வேறு திட்டத்தில் எவ்வளவு குவித்தும் பயனில்லை.

சேர்ப்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. எந்த நிறுவனத்தில் பறந்தாலும் அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே மைலைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூட்டணியிலுள்ள வேறொரு திட்டத்தின் உறுப்பினர் எண்ணைக் கொடுக்கலாம். கூட்டாளித் திட்டங்கள் பல இன்னமும் தூரத்தையும் சீட்டின் கட்டண வகையையும் வைத்தே கணக்கிடுவதால், சில சீட்டுகளுக்கு அங்கே அதிக மைல் கிடைக்கும். மிக மலிவான கட்டண வகைக்குக் கால் பங்கோ, ஒன்றுமே இல்லாமலோ போவதும் உண்டு. ஆகவே சீட்டில் அச்சிட்டிருக்கும் கட்டண வகை எழுத்தைப் பார்த்த பிறகே எண்ணைக் கொடுக்க வேண்டும்.

ஹோட்டல் புள்ளிகள்

ஹோட்டல் புள்ளியை விமான மைலின் ஏழைத் தங்கையாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு புள்ளியின் சென்ட் மதிப்பை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். குடும்பத்தோடு பயணம் செய்பவருக்கு நான் ஹோட்டல் புள்ளியையே முதலில் பரிந்துரைப்பேன். காரணம் எளிய பெருக்கல்: நால்வர் பறக்க நான்கு இருக்கைகள் வேண்டும், அதாவது மைல் நான்கு மடங்கு, இரண்டு பெரியவர்களும் இரண்டு சிறு பிள்ளைகளும் தங்கப் பெரும்பாலான இடங்களில் ஓர் அறை போதும். ஓர் ஆண்டில் சேரும் மிதமான இருப்பு, இருக்கைகளாக மாறினால் ஒருவருக்கே போதாமல் நிற்கும். அறையாக மாறினால் குடும்பம் முழுவதற்கும் இரண்டு மூன்று இரவுகளைத் தரும்.

அறை கிடைப்பதும் எளிது. சாதாரண அறை பணத்துக்கு விற்பனையில் இருக்கும் வரை அதைப் புள்ளிக்கும் தர வேண்டும் என்பதே பெரிய குழுமங்களின் பொது விதி. எது சாதாரண அறை என்று சொல்லும் உரிமையை வைத்துக்கொண்டு சில ஹோட்டல்கள் இந்த விதியைச் சுருக்கிவிடுகின்றன என்றாலும், விமான இருக்கைக்கு அலைவதோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. பயணத்துக்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்புவரை ரத்து செய்தாலும் புள்ளிகள் முழுமையாகத் திரும்பிவிடுவது வழக்கம். ஹோட்டலுக்கு ஹோட்டல் கெடு மாறும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திட்டம் இன்னும் உறுதியாகாதவர் அறையைப் புள்ளியில் எடுத்து வைத்துக்கொண்டு, பண விலை இறங்கினால் ரத்து செய்துவிட்டுப் பணத்தில் எடுக்கலாம். இந்த வசதியை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன்.

குழுமங்களுக்கிடையே உள்ள வித்தியாசங்கள் விதிகளின் நுணுக்கத்தில் இருக்கின்றன. மேரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவுகள் புள்ளியில் தங்கினால், அவற்றில் மிகக் குறைந்த விலையுள்ள இரவுக்குப் புள்ளி கேட்பதில்லை. இது எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு. ஹில்டனிலும் ஐந்தாம் இரவு இலவசம், ஆனால் அடிக்கடி தங்குவோருக்குத் தரப்படும் உறுப்பினர் தகுதிகளில் வெள்ளித் தகுதியாவது இருக்க வேண்டும். ஐஎச்ஜி ஹோட்டல் குழுமத்தில் அதன் குறிப்பிட்ட கிரெடிட் கார்டுகளை வைத்திருப்போருக்கு நான்காம் இரவு இலவசம். இரவுக்கு 40,000 புள்ளியும் பணத்தில் 200 டாலரும் ஆகும் அறையில் ஐந்து இரவு தங்கினால் 1,60,000 புள்ளிதான் போகும். ஒரு புள்ளியின் மதிப்பு 0.5 சென்ட்டிலிருந்து 0.625 சென்ட்டாக உயர்கிறது. மூன்று இரவு ஓர் ஊர், இரண்டு இரவு இன்னோர் ஊர் என்று பிரித்துத் தங்குபவருக்கு இந்தச் சலுகையே இல்லை. உல்லாச விடுதிகளில் தனியே வாங்கப்படும் ரிசார்ட் கட்டணத்தைப் புள்ளியில் தங்கும்போது ஹில்டனும் ஹயாத்தும் வாங்குவதில்லை; மேரியட் ஹோட்டல்கள் பொதுவாக வாங்குகின்றன. ஒரு வாரத் தங்கலில் இது சிறிய தொகையாக இருக்காது.

ஹயாத்தின் வலையமைப்பு ஹில்டன், மேரியட் இரண்டையும்விடச் சிறியது. போகும் ஊரில் ஹோட்டலே இல்லாமல் போகலாம். இருக்கும் இடங்களில், புள்ளி மதிப்பு வழக்கமாக மற்றவற்றைவிட மேலானது. அக்கோர் குழுமம் முற்றிலும் வேறு பாதையில் போகிறது: 2,000 புள்ளிக்கு 40 யூரோ தள்ளுபடி, எந்த நாளிலும் அதே கணக்கு. பெரிய ஆதாயமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. கணக்குப் போட்டு நேரத்தைச் செலவிட விரும்பாதவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

ஹோட்டல் புள்ளியை விமான மைலாக மாற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பெரும்பாலும் கூடாது. மேரியட் 3 புள்ளிக்கு 1 மைல் தருகிறது. 60,000 புள்ளியை ஒரே தடவையில் மாற்றினால் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு 5,000 மைல் கூடுதலாகச் சேர்த்து 25,000 மைல் கிடைக்கும். 2016-ல் மேரியட் வாங்கிய ஸ்டார்வுட் குழுமத்தில் 20,000 புள்ளிக்கு 25,000 மைல் கிடைத்துவந்ததன் தொடர்ச்சி இது. ஸ்டார்வுட்டின் ஒரு புள்ளி மேரியட்டின் மூன்றாக மாற்றப்பட்டது. அதாவது ஒரு மைலுக்கு 2.4 புள்ளிகளை விட்டுக்கொடுக்கிறோம். அந்த மைல் புள்ளியைப்போல 2.4 மடங்குக்கு மேல் பயன் தந்தால்தான் மாற்றுவதில் பொருள் உண்டு. ஒரு குறிப்பிட்ட சீட்டுக்குச் சில ஆயிரம் மைல் குறைகிறபோது இந்த வழி உதவும். ஹில்டன் புள்ளியை மைலாக்குவதோ ஏறக்குறைய பத்துக்கு ஒன்று. அதைச் செய்யவே வேண்டாம்.

வங்கிப் புள்ளியும் பணமும்

அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் மெம்பர்ஷிப் ரிவார்ட்ஸ் போன்ற வங்கிப் புள்ளிகளைப் பல விமான நிறுவனங்களுக்கும் சில ஹோட்டல் குழுமங்களுக்கும் மாற்ற முடியும். கூட்டாளிகளின் பட்டியலும் மாற்று விகிதமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஆகவே வேறொரு நாட்டிலிருந்து எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே பின்பற்றக் கூடாது. இவற்றின் மதிப்பு, முடிவைத் தள்ளிப்போட முடிகிறது என்பதில் இருக்கிறது. ஒரு விமானத் திட்டம் தன் விலையை ஏற்றினால் நாம் இன்னொன்றுக்குத் திரும்பிக்கொள்ளலாம். சில சமயம் 20, 30 சதவீதம் கூடுதல் மைல் தரும் மாற்றுச் சலுகைகளும் வரும்.

ஆனால் ஒரு முறை மாற்றிவிட்டால் திரும்ப வராது. இந்த ஒற்றை விதியால் நட்டப்பட்டவர்கள் மிகப் பலர் என்பதால் வரிசையை வலியுறுத்திச் சொல்கிறேன்: முதலில் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதே இருக்கை, மைல் போகவிருக்கும் திட்டத்திலும் தெரிகிறதா என்று உறுதி செய்ய வேண்டும், மாற்றம் உடனே நடக்குமா, சில நாட்கள் ஆகுமா என்று அறிய வேண்டும், அதற்குப் பிறகே மாற்ற வேண்டும். கூடுதல் சதவீதச் சலுகையைப் பார்த்து, எந்தப் பயணமும் மனத்தில் இல்லாமல் மாற்றுவது, சுதந்திரத்தை விற்றுவிட்டுப் பூட்டு வாங்குவதற்குச் சமம்.

கேஷ்பேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் சிறப்பே அதுதான். காலாவதி இல்லை, இருக்கை தேட வேண்டாம், எந்தச் செலவுக்கும் ஆகும். ஒரு கார்டு 2 சதவீதம் பணமாகத் தருமானால், அதே செலவுக்கு டாலருக்கு ஒரு மைல் தரும் கார்டு அதை வெல்ல ஒவ்வொரு மைலும் 2 சென்ட்டுக்கு மேல் பயன் தர வேண்டும். எகானமி வகுப்பில் மட்டுமே பறப்பவருக்கு அது எளிதில் கைகூடாது. கார்டு பாக்கியை மாதாமாதம் முழுமையாகக் கட்டாதவர் இந்த நான்கில் எதையும் யோசிக்க வேண்டாம். எந்த வெகுமதியும் கார்டு வட்டியை ஈடுகட்டாது. ஆண்டுக் கட்டணத்தையும் இந்தக் கணக்கில் கழித்தே பார்க்க வேண்டும்.

காலாவதி விதிகள் தேர்வில் எடை பெற வேண்டியவை. டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் காலாவதி இல்லை. அமெரிக்கன், ஃபிளையிங் புளூ, மேரியட், ஹயாத், ஹில்டன் ஆகியவற்றில் 24 மாதங்கள் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் இருப்பு போய்விடும். ஏவியோஸுக்கு அது 36 மாதம், ஏரோபிளானுக்கு 18 மாதம், தகுதிநிலை இல்லாத ஐஎச்ஜி உறுப்பினருக்கு 12 மாதம். இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு சிறு பரிவர்த்தனையால் உயிருடன் வைத்திருக்கலாம். கிரிஸ்ஃபிளையரும் எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸும் வேறு வகை: சேர்ந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் மைல் தானாகக் காலாவதியாகும், அசைவு இருந்தாலும் பொதுவாகப் பயனில்லை. மெதுவாகச் சேர்ப்பவருக்கு இவ்விரண்டும் பொருந்தா. இலக்கை எட்டுவதற்குள் முதலில் சேர்ந்தவை கழிந்துகொண்டே போகும்.

தங்கம், பிளாட்டினம் என்ற உறுப்பினர் தகுதிகளைத் துரத்துவது தனிக் கதை. வேலை நிமித்தமாக எப்படியும் பறப்பவருக்கும் தங்குபவருக்கும் அவை தாமாகவே வந்து சேரும். காத்திருப்பு அறையும் காலை உணவும் அவருக்கு உண்மையான பயன்கள். அந்தத் தகுதிக்காகவே கூடுதல் பயணம் செய்வதையும், அருகில் மலிவான நல்ல விடுதி இருக்கையில் குழுமத்தின் விலையுயர்ந்த அறையை எடுப்பதையும் என்னால் ஆதரிக்க முடியவில்லை.

யாருக்கு எது

தனியாகவோ இருவராகவோ, தேதியை ஒரு வாரம் முன்பின் நகர்த்தக்கூடியவர்களாக, நெடுந்தூரம் பறக்க விரும்புபவர்களாக இருந்தால் விமான மைலுக்கு இணையில்லை. அதிலும், போக விரும்பும் திசையில் எந்தக் கூட்டணி நன்றாகப் பறக்கிறது என்று பார்த்துவிட்டு, கூடுதல் கட்டணம் வாங்காத ஒரு திட்டத்தைத் தேர்ந்து, வங்கிப் புள்ளியைக் கடைசி நேரத்தில் அங்கே மாற்ற வேண்டும். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்ட குடும்பத்துக்கு, சீட்டைப் பணத்தில் முன்கூட்டியே மலிவாக எடுத்துக்கொண்டு, தங்கும் செலவைப் புள்ளியால் ஈடுகட்டுவதே கைக்கு எட்டும் வழி. குடும்பத்தினரின் இருப்புகளை ஒன்றுசேர்க்க முடிகிறதா என்பதும் அவர்களுக்கு முக்கியம்: ஹில்டனில் ஓர் உறுப்பினர் மேலும் 10 பேர் வரை சேர்த்துப் புள்ளிகளைக் கட்டணமின்றித் திரட்டலாம், எமிரேட்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் குடும்பக் கணக்கை அனுமதிக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் குறுகிய பயணம் என்றால் கேஷ்பேக் போதும்; அந்தப் பணத்தில் விருப்பமான விமானத்தில் விருப்பமான நாளில் போகலாம்.

ஏற்கெனவே பல கணக்குகளில் சிறு இருப்புகள் சிதறிக் கிடப்பவர் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, முதலில் ஒவ்வொன்றின் காலாவதித் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஏவியோஸ் போன்று கணக்குகளுக்கிடையே நகர்த்தக்கூடியவற்றை ஒன்றாக்கலாம். ஹோட்டல் புள்ளிகளில் பாதி புள்ளி, பாதி பணம் என்று கட்டும் வசதி பல குழுமங்களில் இருப்பதால், சிறு இருப்பும் ஓர் இரவின் செலவைக் குறைக்கும். எதற்கும் எட்டாத விமான மைல்களைப் பொருட்கள் வாங்கவோ பரிசு அட்டை எடுக்கவோ பயன்படுத்தினால் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு; ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த நிறுவனத்தில் பறக்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அந்தக் குறைந்த மதிப்பையும் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடலாம்.